61-வது கார்டுக்கு இடமில்லை

கேள்வி இது: "அண்ணா, பெங்களூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஹாஸ்டலில் நாலைந்து பேர் போகிமான் கார்டு ஆடுகிறோம். டோர்னமென்ட் எல்லாம் இல்லை, 2024 வரைக்கும் வந்த செட்டுகள் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. என்னுடையது சாரிஸார்ட் ஈஎக்ஸ், பிட்ஜியாட் ஈஎக்ஸ் டெக், கூட பிபாரெல். நன்றாகத்தான் ஓடியது. பிறகு டஸ்க்நுவார் வரிசை ஐந்து கார்டு (டஸ்கல் 2, டஸ்க்ளாப்ஸ் 1, டஸ்க்நுவார் 2), ப்ரையர் 3, ஃபெசண்டிபிட்டி ஈஎக்ஸ் 2 வாங்கிச் சேர்த்தேன். எல்லாமே நல்ல கார்டு என்கிறார்கள். ஆனால் டெக் மோசமாகிவிட்டது. புது கார்டு நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இடம் பண்ண எடுத்தது: ரேர் கேண்டி 2, பாஃபின் 2, நெருப்பு எனர்ஜி 2, ஐயோனோ 2, பாஸஸ் ஆர்டர்ஸ் 1, அல்ட்ரா பால் 1."

தம்பி, பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விஷயமே அதுதான். வாங்கின பத்து கார்டையும் பற்றி நாலு பேரிடம் கேட்டிருக்கிறீர்கள். எடுத்த பத்தைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.

நான் அல்சூரில் ஒற்றை பெட்ரூம் வீட்டில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். பீரோ வாங்கலாம் என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால், தேக்கா இரும்பா என்றெல்லாம் பேச்சு போகாது. "தையல் மெஷினை எங்கே வைப்பீங்க?" என்றுதான் வரும். டெக்கும் அப்படிப்பட்ட வீடுதான். சரியாக 60 கார்டு, ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால் "இந்தக் கார்டு நல்லதா?" என்ற கேள்விக்குத் தனியாக அர்த்தமே கிடையாது. "இதை உள்ளே விட்டு அதை வெளியே அனுப்பினால், அது செய்த வேலையை இனி யார் செய்வார்கள்?" என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும்.

உங்கள் ரேர் கேண்டியையே எடுத்துக்கொள்வோம். முதல் நிலைப் போகிமானை, நடு நிலையைத் தாண்டி நேரே கடைசி நிலைக்கு ஏற்றும் கார்டு அது. முதல் ஏழு கார்டில் ஒரு ரேர் கேண்டியாவது வர, டெக்கில் நாலு இருந்தால் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். இரண்டே இருந்தால் 22. இரண்டுதானே எடுத்தோம் என்று தோன்றும். ஆனால் சாரிஸார்டின் முதல் நிலையான சார்மேண்டரை வைத்த அடுத்த டர்னிலேயே சாரிஸார்டாக்குவதுதான் இந்த டெக்கின் உயிர், அதைப் பாதியாக அறுத்துவிட்டீர்கள். போதாததற்கு ஆட்டத் தொடக்கத்திலேயே ஆறு கார்டு ப்ரைஸில் போய் உட்கார்ந்துவிடும் (எதிராளியின் போகிமான் வீழும்போதுதான் அவை கைக்கு வரும், ஆறையும் எடுத்தவர் ஜெயிப்பார்). இரண்டில் ஒன்றாவது அங்கே சிக்கிக்கொள்ள 19 சதவீதம், அதாவது ஐந்து ஆட்டத்துக்கு ஒன்று.

எனர்ஜியும் அதே கதை. சாரிஸார்டின் எபிலிட்டி, அதாவது தனித்திறன், அடிக்கத் தேவையான நெருப்பு எனர்ஜி மூன்றை டெக்கிலிருந்துதான் தேடி எடுக்கும். கையில் இருப்பது அதற்கு உதவாது, ப்ரைஸில் இருப்பதும் உதவாது. ஆறை நாலாக்கினால், கையில் ஒன்று, ப்ரைஸில் ஒன்று என்று போய், மிச்சம் இரண்டைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் எடுத்த பத்தும் அலுப்பான கார்டுகள். அவற்றை யாரும் கையில் தூக்கிக் காட்டி வீடியோ போடுவதில்லை. ஆனால் சாதத்துக்கு உலை வைக்கிற பாத்திரம் அவைதான்.

இப்போது டஸ்க்நுவார். இதில் நானே ஏமாந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2024 ஆகஸ்டில் ஷ்ரவுடட் ஃபேபிள் செட்டில் இது வந்தபோது கார்டை ஒரு முறை படித்துவிட்டு மூடிவைத்தேன். எதிராளியின் ஏதாவது ஒரு போகிமான் மேல் 13 டேமேஜ் கவுண்ட்டர், அதாவது 130. அதற்கு விலை, டஸ்க்நுவாரே நாக்அவுட். எதிராளி ஒரு ப்ரைஸ் எடுத்துக்கொள்வார். "காசும் கொடுத்து கடிபடுவது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கம்மனஹள்ளியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை ஆடுவோம். அந்த அப்பார்ட்மென்ட்டில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வருவான். வீட்டில் தமிழ், கிரவுண்டில் கன்னடம். "ஷஃபிள் மாடி அங்கிள்" (கலைத்துப் போடுங்க அங்கிள்) என்று டெக்கை என் பக்கம் தள்ளிவிட்டு, என்னைத் தொடர்ந்து மூன்று ஆட்டம் டஸ்க்நுவாரால் அடித்தான். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் அவன் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சாரிஸார்டின் அடி 180. எதிராளி எடுத்திருக்கும் ஒவ்வொரு ப்ரைஸுக்கும் கூட 30. ஆட்டத்தின் ஆரம்பத்தில், எதிராளி ஒன்றுமே எடுக்காத நிலையில், 320 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உள்ள ட்ராகாபல்ட் ஈஎக்ஸை வீழ்த்த இரண்டு அடி வேண்டும். இப்போது டஸ்க்நுவாரை வெடியுங்கள். 130 போயிற்று. எதிராளி ஒரு ப்ரைஸ் எடுத்தார், அதனால் சாரிஸார்டின் அடி 210 ஆயிற்று. இரண்டும் சேர்ந்து 340. ட்ராகாபல்ட் மட்டுமில்லை, எதிரே 330 ஹெச்பியோடு இன்னொரு சாரிஸார்ட் நின்றாலும் ஒரே டர்னில் காலி. ஈஎக்ஸ் வீழ்ந்தால் இரண்டு ப்ரைஸ், அதனால் ஒன்று கொடுத்து இரண்டு வாங்குகிறோம்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எதிராளி ஜெயிக்க ஆறு ப்ரைஸ் வேண்டும். உங்கள் ஈஎக்ஸ்களையே அடித்தால் தலா இரண்டு, ஆக மூன்று நாக்அவுட். டஸ்க்நுவார் ஒன்றைத் தானம் கொடுத்தபின் மிச்சம் ஐந்து. ஈஎக்ஸாக அடித்து ஐந்தை எடுக்கவும் அதே மூன்று நாக்அவுட்தான்! முதல் வெடிப்பு கிட்டத்தட்ட இலவசம். இரண்டாவது வெடிப்பில்தான் உண்மையான விலை ஏறுகிறது: மிச்சம் நாலு, இரண்டே நாக்அவுட் போதும். (பெஞ்சில், அதாவது பின்வரிசையில், பிட்ஜி மாதிரி ஒற்றை ப்ரைஸ் குஞ்சை விட்டுவைத்தால் எதிராளி பாஸஸ் ஆர்டர்ஸ் போட்டு அதை இழுத்து அடித்துக் கணக்கைச் சரிசெய்துகொள்வார். அது உங்கள் கவனம்.) அதனால்தான் டஸ்க்நுவார் ஒன்று போதும் என்கிறேன், உங்களைப் போல இரண்டு வேண்டாம். நடுவிலிருக்கும் டஸ்க்ளாப்ஸே அவசரத்துக்கு 50 போட்டு வெடிக்கும்.

நான் முதலில் தவறவிட்டது எங்கே? கார்டைத் தனியாகப் படித்தேன். "எதிராளி ப்ரைஸ் எடுப்பார்" என்பதை நஷ்டக் கணக்கில் மட்டும் எழுதினேன். என் டெக்கில் ஏற்கெனவே இருக்கும் சாரிஸார்டுக்கு அதே வரி வருமானம் என்று பார்க்கவில்லை. மேஜிக் த கேதரிங் ஆட்டத்திலும் இப்படி ஒரு பழைய கதை உண்டு. 1995-ல் ஐஸ் ஏஜ் செட்டில் நெக்ரோபொட்டென்ஸ் என்றொரு கார்டு. வழக்கமாக டர்னுக்கு ஒரு கார்டு எடுப்பதை விட்டுவிட வேண்டும், பதிலுக்கு ஒரு உயிர்ப் புள்ளி கொடுத்தால் ஒரு கார்டு, எத்தனை வேண்டுமானாலும். தன் உயிரைத் தானே குறைத்துக்கொள்ளும் கார்டை யார் ஆடுவார்கள் என்று முதலில் ஒதுக்கினார்கள். 1996 கோடையை அந்த ஆட்டக்காரர்கள் இன்றும் 'பிளாக் சம்மர்' என்கிறார்கள், அந்த ஒரு கார்டு எல்லாரையும் போட்டு உருட்டியதால். விலைப்பட்டியலில் பயமுறுத்துகிற வரி இருந்தால், அந்த விலை நம் டெக்கில் நிஜமாகவே வலிக்கிறதா என்று இரண்டாம் தடவை பாருங்கள்.

எனக்கு ஒரு முறை நன்றாகவே வலித்தது. எதிராளிக்கு ஒரே ஒரு ப்ரைஸ் மிச்சம். கை பழக்கத்தில் டஸ்க்நுவாரை வெடித்தேன். அவர் அமைதியாகக் கடைசி ப்ரைஸை எடுத்துக் கைகொடுத்தார். அன்றைக்கு அந்தப் பையன் சிரித்த சிரிப்பு அல்சூர் ஏரிவரை கேட்டிருக்கும்.

சரி, டஸ்க்நுவார் வர யார் போவது? உங்கள் டெக்கில் பிடூஃப், அது வளர்ந்த பிபாரெல் என்று நாலு கார்டு இருக்குமே, அதை ஏன் தொடவில்லை? பிபாரெலின் வேலை கையில் ஐந்து கார்டு ஆகும்வரை எடுத்துக் கொடுப்பது. எதிராளி ஐயோனோ போட்டு நம் கையை ஒன்றிரண்டாக்கும்போது அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதே மீட்பு வேலையைப் பிட்ஜியாட் ஏற்கெனவே செய்கிறது: டர்னுக்கு ஒரு முறை, டெக்கிலிருந்து எந்தக் கார்டு வேண்டுமானாலும். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் இருக்கும் இடத்தில்தான் ஆளைக் குறைக்க வேண்டும், ஒரே ஆள் இருக்கும் இடத்தில் கூடாது. ரேர் கேண்டிக்கு உங்களிடம் மாற்று ஆள் இல்லை. பிபாரெலுக்கு இருக்கிறது.

நாலு போய் நாலு வருவதில் வேறு லாபங்களும் உண்டு. இரண்டு பிடூஃப் போய் இரண்டு டஸ்கல் வருவதால் பேசிக், அதாவது முதல் நிலைப் போகிமான், எண்ணிக்கை மாறவில்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். டெக்கில் பேசிக் பத்து இருந்தால் முதல் கையில் ஒன்றுகூட வராமல் திரும்ப ஷஃபிள் செய்ய நேர்வது 26 சதவீதம், எட்டாகக் குறைந்தால் 35. ஒவ்வொரு தடவை திரும்ப எடுக்கும்போதும் எதிராளிக்கு ஒரு கார்டு அதிகம். டஸ்கல் 60 ஹெச்பி என்பதால் பாஃபினே அதைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்துவிடும் (70 வரைக்கும்தான் அது எடுக்கும்). மேலே ஏற்ற, சாரிஸார்டுக்காக வைத்த ரேர் கேண்டியே போதும். வெடித்ததும் பெஞ்சில் இடமும் காலியாகிவிடுகிறது. மொத்தம் ஐந்தே இடம், அதில் பிபாரெல் ஆட்டம் முடியும்வரை கால் நீட்டிப் படுத்திருக்கும். இருக்கிற வேலைக்காரர்களையே பயன்படுத்திக்கொள்கிற கார்டு மலிவான கார்டு. தனக்கென்று தனிப் பரிவாரம் கேட்கிற கார்டு, படத்தில் எவ்வளவு மின்னினாலும், விலை அதிகம்.

ஆனால் பாருங்கள், நீங்கள் டஸ்க்நுவாரை உள்ளே கொண்டுவந்து, அதைத் தூக்கிவிட வேண்டிய ரேர் கேண்டியையும் பாஃபினையும் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையை அழைத்துவிட்டு பந்தலைப் பிரித்த மாதிரி.

அடுத்தது ப்ரையர், மூன்று. 2024 செப்டம்பரில் ஸ்டெல்லர் க்ரவுன் செட்டில் வந்த சப்போர்ட்டர். எதிராளியிடம் சரியாக இரண்டு ப்ரைஸ் மிச்சம் இருக்கும்போது மட்டும் போடலாம். அந்த டர்னில் உங்கள் டெரா வகைப் போகிமான் அடித்து எதிரே முன்னால் நிற்பதை வீழ்த்தினால் ஒரு ப்ரைஸ் கூடுதல். சாரிஸார்ட் டெராதான். டஸ்க்நுவாரை வைத்து எதிராளியின் மூன்றை இரண்டாக நாமே ஆக்கிக்கொள்ளலாம். அப்போது சாரிஸார்டின் அடி 300, ஈஎக்ஸ் ஒன்றை வீழ்த்தினால் மூன்று ப்ரைஸ். அருமையான கார்டு.

ஆட்டத்தில் ஒரே ஒரு டர்ன் மட்டும் அருமை. மற்ற டர்னெல்லாம் வெற்றுத் தாள். முதல் கையில் மூன்றில் ஒன்றாவது வர சுமார் 32 சதவீதம், வந்தால் அந்த ஆட்டத்தை ஆறு கார்டோடு தொடங்குகிறீர்கள். ஒரு கார்டை மதிப்பிடும்போது அது ஜொலிக்கும் டர்னை மட்டும் நினைக்காதீர்கள். முதல் டர்னில் கையில் இருந்தால், மூன்றாவதில் இருந்தால், தோற்றுக்கொண்டிருக்கும்போது இருந்தால் என்று தனித்தனியே யோசியுங்கள். ஒன்று போதும் ப்ரையர், தேவைப்படும் டர்னில் பிட்ஜியாட் தேடிக் கொடுக்கும். பிட்ஜியாட் இல்லாத டெக்காக இருந்தால் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். வீடியோவில் ஒருவர் இரண்டு வைத்திருக்கிறார் என்றால் அவர் டெக்கில் தேடிக் கொடுப்பது யார் என்று முதலில் பாருங்கள்.

இதே இடத்தில் இன்னொரு முட்டல். சப்போர்ட்டர் டர்னுக்கு ஒன்றுதான். ப்ரையர் போட்ட டர்னில் பாஸஸ் ஆர்டர்ஸ் போட முடியாது, ஐயோனோவும் முடியாது. அதனால் பெஞ்சிலிருந்து ஈஎக்ஸை இழுக்கும் வேலையைக் கவுண்ட்டர் கேட்ச்சர் செய்ய வேண்டும். அது ஐட்டம், எண்ணிக்கை வரம்பில்லை, நாம் ப்ரைஸில் பின்தங்கியிருந்தால் மட்டும் வேலை செய்யும். நாம்தான் தானம் கொடுத்துப் பின்தங்குகிறோமே, இந்த டெக்கில் அந்த நிபந்தனை பெரும்பாலும் தானாகவே நிறைவேறிவிடும். உங்களிடம் ஒன்றாவது இருக்கிறதா? நீங்கள் எழுதியதில் காணோம்.

வாங்குவதற்கு முன்னால் ஆடிப் பார்ப்பது பற்றி ஒன்று. வெள்ளைத் தாளில் பேனாவால் கார்டின் பெயரையும் அது செய்வதையும் எழுதி, உதவாத எனர்ஜி கார்டு ஒன்றின் மேல் வைத்து ஸ்லீவில் செருகுங்கள். ஹாஸ்டல் ஆட்டத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடைசியில் ஒன்றுதான் வைக்கப்போகிறீர்கள் என்றாலும் சோதிக்கும்போது நாலு போடுங்கள். ஒன்றே ஒன்று போட்டுப் பத்து ஆட்டம் ஆடினால் அது கைக்கு வருவதே சில ஆட்டம்தான், அதை வைத்து என்ன முடிவு கட்டுவது? ஒவ்வொரு முறை கையில் வரும்போதும் நோட்டில் ஒரு கோடு: "இது இருந்ததால் தப்பித்தேன்", "சும்மா இருந்தது", "இதற்குப் பதில் எடுத்தது இருந்திருந்தால் தேவலை". ஜெயித்தது தோற்றது எல்லாம் எழுத வேண்டாம், அதில் அதிர்ஷ்டம் நிறையக் கலந்திருக்கும். மூன்றாவது வகைக் கோடுகள் கூடினால் கார்டு போகட்டும். முதல் வகைக் கோடுகள் எல்லாம் ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டங்களில் மட்டும் விழுந்திருந்தால் அதுவும் சந்தேகம்தான். முன்னால் இருக்கும்போது மட்டும் உதவுகிற சொந்தக்காரன் மாதிரி கார்டுகள் இருக்கின்றன.

ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவே ஏழு எடுத்து, ஆறு ப்ரைஸ் வைத்து, இரண்டு டர்ன் ஆடிப் பார்த்துக் கலைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் இருபது கை பார்க்கலாம். நான் ஆஃபீஸ் பக்கத்து தரிசினியில் காபி ஆறுவதற்குள் இரண்டு கை பார்த்துவிடுவேன். நின்றுகொண்டே சாப்பிடும் மேஜை என்பதால் ப்ரைஸ் வைக்க இடமிருக்காது, சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

பின்னால் கடைகளில் நடக்கும் டோர்னமென்ட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், கார்டின் கீழ் இடது மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் என்கிற டோர்னமென்ட் முறையில் அதை வைத்துத்தான் பழைய கார்டுகள் வெளியேறும். 2025 ஏப்ரலில் எஃப் எழுத்துப் போனது, உங்கள் பிபாரெலும் அதில் ஒன்று. ஸ்டேஷனரி கடையில் தொங்கும் தங்கக் கலர் தகடுகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவை போலி. போகிமான் பாக்கெட் மொபைல் ஆப்பில் ஒரு கார்டு அசத்துகிறது என்பதையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அங்கே டெக்கே 20 கார்டு, மூன்று புள்ளியில் ஆட்டம் முடிந்துவிடும். பெயர்தான் ஒன்று.

ஆக உங்கள் டெக்குக்கு நான் செய்வது: எடுத்த பத்தையும் திரும்ப உள்ளே வையுங்கள். பிபாரெல் வரிசை நாலையும் எடுத்துவிட்டு டஸ்கல் 2, டஸ்க்ளாப்ஸ் 1, டஸ்க்நுவார் 1. ஒரு ஐயோனோவை எடுத்துவிட்டு ப்ரையர் ஒன்று. இப்படியே ஒரு பதினைந்து ஆட்டம் ஆடுங்கள், வேறெதையும் மாற்றாமல். ஒரே சமயத்தில் பத்தை மாற்றினால் எது கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

ஃபெசண்டிபிட்டியை அதற்கப்புறம் பார்க்கலாம். எதிராளியின் போன டர்னில் நம் போகிமான் ஏதாவது நாக்அவுட் ஆகியிருந்தால் மூன்று கார்டு எடுக்கலாம், நல்லதுதான். ஆனால் பெஞ்சில் இரண்டு இருந்தாலும் அந்த எபிலிட்டியை டர்னுக்கு ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த முடியாது. 210 ஹெச்பியோடு உட்கார்ந்திருக்கும் இரண்டாவது ஃபெசண்டிபிட்டி, எதிராளிக்கு நீங்கள் எடுத்து வைத்த இரண்டு ப்ரைஸ். அதைவிட முக்கியம், டஸ்க்நுவார் வெடிப்பது உங்கள் டர்னில். அந்த நாக்அவுட் இதற்குக் கணக்கில் சேராது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும் என்று நினைத்துத்தான் சேர்த்து வாங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். அந்தப் பையன்தான் கார்டைத் திருப்பி "போன டர்ன்" என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினான்.